ஆறு மணிக்கு என்ன பண்றது?

தமிழ் சினிமாவில் குடிகாரக் கணவன் திருந்துவதற்கு அதிகபட்சம் மூன்று நிமிஷம் ஆகும். குழந்தைக்கு ஜுரம் வரும், அல்லது மனைவி படியில் உருண்டு விழுவாள். இவர் பாட்டிலைத் தூக்கிச் சுவரில் அடிப்பார். அம்மன் படத்துக்கு முன்னால் சத்தியம். அப்புறம் குடும்பத்தோடு சிரித்தபடி ஒரு குரூப் போட்டோ, 'சுபம்'. தியேட்டரில் விளக்கைப் போட்டுவிடுவார்கள்.

மறுநாள் காலையில் அந்த ஆளுக்குக் கை நடுங்குமே, அதை யார் எடுப்பார்கள்? அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு எங்கே போவதென்று தெரியாமல் வாசலுக்கும் கொல்லைக்குமாக நடப்பானே, அதற்கு யார் டிக்கெட் வாங்குவார்கள்?

இந்த வாரம் 'சுபம்' போட்ட பிறகு நடக்கிற கதை. நான் டாக்டர் இல்லை. ஆனால் பக்கத்து ஸீட்டில் உட்கார்ந்து முழுசாகப் பார்த்தவன். என் மனைவியின் அண்ணன், எனக்கு மச்சான், அம்பத்தூர்ப் பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கிறார். இருபது வருஷமாகக் குடித்துக்கொண்டிருந்தவர், நிறுத்தினார். "உங்களைப் பத்தி எழுதலாமா மச்சான்?" என்று கேட்டேன்.

"பேரு போடாதீங்க மாப்ளே. பட்டறை பேரும் வேணாம். மத்தபடி கிழிங்க" என்றார்.

முதலில் ஓர் எச்சரிக்கை. இதை மட்டும் படித்துவிட்டு ஜோக் பக்கத்துக்குப் போனாலும் எனக்குச் சந்தோஷம். காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறது, கொஞ்சம் உள்ளே போனால்தான் நடுக்கம் நிற்கிறது என்கிற நிலைமையில் இருப்பவரை, 'இன்னியோட நிறுத்துய்யா' என்று அறைக்குள் வைத்துப் பூட்டாதீர்கள். ஆபத்து.

சாராயம் மூளைக்கு ஒரு பிரேக் மாதிரி. தினமும் பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தால், மூளை அதற்கு ஈடாக ஆக்ஸிலேட்டரைக் கூட்டி வைத்துக்கொள்ளும். திடீரென்று பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் என்ன ஆகும்? அதேதான். ஆறேழு மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி பேதலித்து, சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார்கள், செத்துப்போன பெரியப்பாவோடு பேசுவார்கள். இதில் உயிரே போவதுண்டு. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து கடைகளை ஒரேயடியாக மூடியபோது, பெங்களூர் ஆஸ்பத்திரிகளுக்கு இப்படி வந்தவர்கள் கூடிப்போய், அங்கே டாக்டர்கள் அதைப் பற்றிக் கட்டுரையே எழுதினார்கள்.

நம் ஊரில் வழக்கம் என்னவென்றால், கோயிலுக்குக் கூட்டிப்போய்க் கயிறு கட்டுவோம். இல்லாவிட்டால் சபரிமலைக்கு மாலை போடச் செய்வோம். நான் குறை சொல்ல மாட்டேன். 'சாமி கயிறு கட்டியிருக்கேன்பா' என்று சொன்னால், எந்த ஊரிலும் வற்புறுத்த வருகிறவன் கையை இறக்கிவிடுவான். டாக்டர் சீட்டுக்கு அந்த மரியாதை கிடையாது. ஆனால் கை நடுங்குகிறவருக்கு முதலில் ஆஸ்பத்திரி, அப்புறம் கோயில். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, அங்கே போகலாம். (மாலை போடுவதில் இன்னொரு சிக்கல், அதைக் கழற்ற ஒரு தேதி இருப்பது. என் மச்சான் நாலு முறை மலைக்குப் போய் வந்தவர். விரதம் அத்தனை நாளும் சுத்தம். மாலையைக் கழற்றிய அன்றைக்கே எல்லா பாக்கியையும் வட்டியோடு தீர்த்துவிடுவார்.)

மச்சானை ஒரு வாரம் படுக்க வைத்தார்கள். தூக்கத்துக்கும் நடுக்கத்துக்கும் மாத்திரை கொடுத்து, நாளுக்கு நாள் குறைத்தார்கள். பி-1 வைட்டமின் ஊசி போட்டார்கள். குடிக்கிறவர்களுக்கு அந்தச் சத்து வற்றிப்போயிருக்கும். அது இல்லாவிட்டால் ஞாபகசக்தியே நிரந்தரமாகப் பழுதாகிவிடும் என்று டாக்டர் விளக்கினார். எட்டாம் நாள் வீட்டுக்கு வந்தார். ஆரத்தி ஒன்றுதான் எடுக்கவில்லை. அக்கா (அவர் மனைவி, முறைப்படி எனக்கு அக்கா) பால் பாயசம் வைத்தாள். எல்லோரும் சந்தோஷமாக இருந்தோம். எங்களுக்கு அன்றைக்குத்தான் 'சுபம்'.

அவருக்கு அன்றைக்குத்தான் டைட்டிலே ஓட ஆரம்பித்தது.

முதல் பிரச்னை தூக்கம். இருபது வருஷமாகத் தூங்கினார் என்று நாம் நினைத்ததெல்லாம் தூக்கம் இல்லை, மயக்கம். நிஜத் தூக்கம் எப்படி வரும் என்பதே உடம்புக்கு மறந்துபோயிருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு முழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இது வாரக்கணக்கில் தீருகிற விஷயம் இல்லை, பலருக்கு மாதக்கணக்கில் நீளும் என்று முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் அவர் பாதி பயப்பட்டிருப்பார். 'குடிச்சப்ப நல்லாத் தூங்கினேனே' என்ற எண்ணம்தான் இந்தச் சமயத்தில் மகா விஷம்.

தூக்கம் வந்தால் கனவு வரும். கனவில் குடிப்பார். கட்டிங் இல்லை, முழு பாட்டில். திடுக்கென்று எழுந்து, தன் உள்ளங்கையை ஊதி முகர்ந்து பார்த்துவிட்டு, 'ஐயய்யோ, நான் நிஜமாக் குடிக்கலையே?' என்று அக்காவை எழுப்பிக் கேட்பார். அவளுக்கு எப்படி இருக்கும்? பின்னால் இதை ஒரு கூட்டத்தில் சொன்னபோது அங்கிருந்த பதினைந்து பேரும் சிரித்தார்களாம். அத்தனை பேருக்கும் அதே கனவு வந்திருக்கிறது. "அன்னிக்குத்தான் மாப்ளே எனக்குப் பைத்தியம் பிடிக்கலைன்னு தெரிஞ்சுது" என்றார்.

அடுத்தது இனிப்பு. ஜாங்கிரியைக் கண்டால் முகத்தைச் சுளிக்கிறவர், அரை கிலோ வாங்கி வந்து ஒரே மூச்சில் காலி பண்ணினார். டீயில் நாலு ஸ்பூன் சர்க்கரை. பிள்ளைக்கு வாங்கிய சாக்லேட் பீரோவுக்குள்ளிருந்து மாயமாகும். முதல் மாதங்களில் இது சகஜம். சுகர் இல்லாதவராக இருந்தால் கொஞ்ச நாளைக்கு விட்டுவிடலாம் என்பது என் கட்சி. ஜாங்கிரி தின்றுவிட்டு எவனும் தெருவில் விழுந்து கிடந்ததில்லை.

உடம்பைப் பொறுத்தவரை நல்ல சேதிகள் சீக்கிரம் வருகின்றன. ஈரலில் சேர்ந்த கொழுப்பு சில வாரங்களிலேயே கரைய ஆரம்பிக்கும். ஜி.ஜி.டி. என்று ஒரு ரத்தப் பரிசோதனை. அந்தக் கணக்கு மளமளவென்று இறங்கும். பி.பி. குறையும். பசிக்கும். முகத்தில் வீக்கம் வற்றி, கல்யாண ஆல்பத்தில் பார்த்த ஆள் ஜாடை லேசாகத் தெரியும். (ஈரல் சுருங்கித் தழும்பேறிப் போயிருந்தால் அது பழையபடி ஆகாது. ஆனால் அப்போதும் நிறுத்தினால் ஆயுசு கூடும்.) ஆக, ஈரல் பெருந்தன்மையான உறுப்பு. குடும்பம் அப்படி இல்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் ஆறு மணி.

தமிழ்நாட்டில் 2003-லிருந்து சில்லறை மது விற்பனை அரசாங்கத்தின் டாஸ்மாக் கையில். கடை பகல் பன்னிரண்டுக்குத் திறந்து ராத்திரி பத்துக்கு மூடுகிறது. அரசியல் பேசப்போவதில்லை, பயப்படாதீர்கள். நான் சொல்ல வந்தது கணக்கு. பட்டறையைச் சாத்திவிட்டு ஆறு மணிக்குக் கடைக்குப் போய், பத்து மணிக்கு வீடு திரும்புகிறவர் குடியை விட்டால், தினம் நாலு மணி நேரம் மிச்சம். மாதத்துக்கு நூற்றிருபது மணி. இதை வைத்துக்கொண்டு மனுஷன் என்ன செய்வான்?

என் மச்சான் ரிப்பேர் செய்தார். முதலில் ஓடாத ஃபேனை ஓட வைத்தார். மிக்ஸியைக் கழற்றினார். தண்ணீர் மோட்டாருக்கு வாஷர் மாற்றினார். பழுதான சாமான் தீர்ந்ததும் நல்ல சாமான்களில் கை வைத்தார். கிரைண்டர் அப்போதுதான் காலமாயிற்று. அக்கா எனக்குப் போன் பண்ணி, "தம்பி, சாயங்காலத்துல இவரை எங்கயாச்சும் கூட்டிட்டுப் போங்க, ஃபிரிட்ஜைப் பாத்துக்கிட்டு நிக்கிறாரு" என்றாள்.

அப்படித்தான் நான் அவரோடு நடக்க ஆரம்பித்தேன். நேர் வழியில் போனால் கடை. அதனால் ஒரு கிலோ மீட்டர் சுற்றி, ரயில்வே கேட் வழியாகப் போவோம். முதல் வாரம் அவர் நடுவில் சட்டென்று நின்றுவிடுவார். நெற்றியில் வியர்க்கும். "வந்திருச்சு மாப்ளே" என்பார். யார் வந்தது என்று நான் கேட்டதில்லை. ஒரு டீக்கடை பெஞ்சில் உட்காருவோம். சர்க்கரை தூக்கலாக ஒரு டீ. இரண்டு வடை. எதையாவது பேசுவோம், ஏலச்சீட்டு, கிரிக்கெட். கால் மணி, அதிகம் போனால் அரை மணி. அப்புறம், "போயிருச்சு, வாங்க" என்பார்.

குடிக்கிற ஆசை கடல் அலை மாதிரி. ஏறும், உச்சிக்குப் போகும், இறங்கும். குடித்தால்தான் இறங்கும் என்று இருபது வருஷம் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். குடிக்காவிட்டாலும் இறங்கும் என்பதை ஒரு டீக்கடை பெஞ்சில் கண்டுபிடித்தார். அந்த அரை மணிக்குத் துணை வேண்டும், அவ்வளவுதான்.

நான் ஊரில் இல்லாத நாட்களுக்குத்தான் அந்தக் கூட்டம். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். 1935-ல் அமெரிக்காவில் ஆக்ரன் என்கிற ஊரில் ஒரு பங்கு வியாபாரத் தரகரும் ஒரு டாக்டரும், இரண்டு பேருமே மொடாக் குடியர்கள், ஒருவரையொருவர் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தால் குடிக்காமல் இருக்க முடிகிறது என்று கண்டுபிடித்ததில் ஆரம்பித்தது. டாக்டர் கடைசியாகக் குடித்தது அந்த வருஷம் ஜூன் 10. அதையே சங்கம் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறார்கள். சந்தா கிடையாது. வெளியே பேர் சொல்வதில்லை. 'இனிமேல் ஜென்மத்துக்கும் தொட மாட்டேன்' என்று சத்தியம் கேட்பதில்லை, இன்றைக்கு மட்டும். நாளைக்கு நாளைப் பார்க்கலாம். சினிமா சத்தியத்துக்கு நேர் எதிர். என் மச்சானுக்கு இது ரொம்பப் பிடித்துப்போயிற்று. "ஜென்மம்னா பயமாருக்கு. இன்னிக்குன்னா சமாளிச்சிரலாம்."

அவர் போகிற கூட்டம் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் நடக்கிறது. மூன்றாம் வகுப்பு. பெஞ்சு அந்த உயரம். சுவரில் ஏழாம் வாய்ப்பாடு. பேங்க் ஆபீசர், ஆட்டோக்காரர், மேஸ்திரி, ரிட்டயரான வாத்தியார் எல்லோரும் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்து, ஒவ்வொருவராக, 'நான் ஒரு குடிநோயாளி' என்று ஆரம்பிப்பார்கள். பொரை பிஸ்கட், டீ. அங்கே அவருக்கு நாலு வார்த்தை சொல்லிக் கொடுத்தார்கள்: பசி, கோபம், தனிமை, களைப்பு. ஆசை தலை தூக்கினால் இந்த நாலில் எது என்று பார். பெரும்பாலும் பசியாகத்தான் இருக்கும். ஆகவே குடியை நிறுத்தியவர் வீட்டில் சாயங்காலம் ஆறு மணிக்கு ஏதாவது சுடச்சுடத் தட்டில் விழ வேண்டும். சுண்டல், இட்லி, நேற்றைய சாதத்தில் தாளித்தது, எதுவானாலும். வெறும் வயிற்றோடு அவரிடம் குடும்ப விஷயம் பேசாதீர்கள்.

குடும்பம் என்றேனே. அங்கே நடந்தது நான் எதிர்பார்க்காதது.

இருபது வருஷமாக அந்த வீடு அவர் இல்லாமலே ஓடிப் பழகியிருக்கிறது. ரேஷன், ஃபீஸ், சீட்டு, பெண் பார்க்க வந்தவர்களுக்குப் பதில், எல்லாம் அக்கா. இப்போது இவர் தெளிந்த கண்ணோடு ஈஸி சேரில் உட்கார்ந்துகொண்டு, "கரண்ட் பில் ஏன் இவ்ளோ வந்திருக்கு?", "அவன் ஏன் ஒன்பது மணிக்கு வர்றான்?" என்று கேட்க ஆரம்பித்தார். ப்ளஸ் டூ படிக்கிற பையன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மாமா, அப்பா குடிச்சிட்டு இருந்தப்பவே பரவால்ல. எட்டு மணிக்கு மேல எதுவும் கேக்க மாட்டாரு" என்றான். சிரிக்கத்தான் நினைத்தேன். பையன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை. அவன் அழுதுகொண்டிருந்தான்.

அக்காவுக்கு வேறு மாதிரி. குடித்துக்கொண்டிருந்த காலத்தில் அவள் கோபப்பட நேரமே கிடைக்கவில்லை. ஆளைப் படுக்க வைக்க வேண்டும், வாந்தியைத் துடைக்க வேண்டும், விடிந்தால் கடன்காரனுக்குப் பதில் சொல்ல வேண்டும். இப்போது நேரம் கிடைத்தது. இருபது வருஷத்துக் கோபமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. அடகில் முழுகிப்போன நாலு பவுன் வளையல், தங்கை கல்யாணத்தில் அவர் பண்ணிய ரகளை, எல்லாம் தேதி வாரியாக. அவர், "அதான் நிறுத்திட்டேனே, இன்னும் என்ன?" என்பார். அவள், "நிறுத்திட்டா வளையல் வந்துருமா?" என்பாள். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்தது. அதுதான் கஷ்டமே.

இதற்காகத்தான் விவரம் தெரிந்தவர்கள் குடும்பத்துக்கும் சேர்த்தே சிகிச்சை கொடுக்கிறார்கள். கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மையத்தில், நோயாளியோடு வீட்டுக்காரர்களும் வந்து உட்கார வேண்டும். 1992-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அமெரிக்காவிலும் அந்தப் பங்குத் தரகரின் மனைவி, புருஷன்மார்கள் உள்ளே கூட்டம் போடும்போது வெளியே காத்திருக்கிற மனைவிமார்களைப் பார்த்து, 1951-ல் அவர்களுக்கென்று தனிச் சங்கமே ஆரம்பித்தார். அல்-அனான் என்று பேர். அக்காவிடம் சொன்னேன். "குடிச்சது அவரு, கிளாஸுக்குப் போறது நானா?" என்றாள். ஒரே ஒரு தடவை போனாள். அங்கே யாரோ ஒரு பெண்மணி, 'நிறுத்தின பிறகுதான் எனக்கு அவரைப் பிடிக்காமப் போச்சு' என்று சொன்னாளாம். அக்கா அடுத்த வாரமும் போனாள்.

'ஊதுங்க' வந்தது இந்தச் சமயத்தில்தான். மச்சான் ராத்திரி வாசல்படி ஏறும்போதே அக்கா எதிரில் வந்து நிற்பாள். "ஊதுங்க." டிராபிக் போலீஸ் தோற்றது. அவருக்கு அவமானம். ஐம்பது வயசில், பையன் எதிரில். என்னிடம் புகார் சொன்னார். 'இருபது வருஷம் பொய் சொன்னதுக்கு இன்னும் இருபது நாள்கூட ஊதலையே மச்சான்' என்று வாய் வரை வந்தது. டீயைக் குடித்துவிட்டேன்.

இந்த இடத்தில் இன்னொரு விஷயம். சுவர்களில் பார்த்திருப்பீர்கள்: 'குடிப்பவருக்குத் தெரியாமல் உணவில் கலந்து கொடுக்கலாம்.' பக்கத்து வீட்டு அம்மாள் அக்காவுக்கு அப்படியொரு பொடி வாங்கித் தருவதாகச் சொன்னாள். சாம்பாரில் போட்டால் தெரியாதாம். ரசம் என்றால் இன்னும் உசிதமாம்.

வேண்டவே வேண்டாம். அந்தப் பொடிகளில் என்ன இருக்கிறது என்று விற்கிறவனுக்கே தெரியாது. டாக்டர்கள் கொடுக்கிற நிஜ மாத்திரை ஒன்று உண்டு, டைசல்ஃபிரம். அதன் கதை விசித்திரம். அது ரப்பர் தொழிற்சாலைச் சரக்கு. அங்கே வேலை பார்த்தவர்களுக்குக் குடித்தால் ஒத்துக்கொள்ளவில்லை என்று 1937-லேயே அமெரிக்காவில் ஒரு ஆலை டாக்டர் எழுதினார். பின்னால் டென்மார்க்கில் இரண்டு விஞ்ஞானிகள் அதைக் குடல்பூச்சி மருந்தாக்கலாமா என்று பார்ப்பதற்காகத் தாங்களே விழுங்கிவிட்டு, விருந்தில் கொஞ்சம் ஊற்றிக்கொண்டபோது முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, அவதிப்பட்டார்கள். 1948-ல் அது குடிக்கு மருந்தாக வெளிவந்தது. சாப்பிட்டவர் குடித்தால் வாந்தி, தலைவலி, ரத்த அழுத்தம் சடாரென்று இறங்கும். இதயம் பலவீனமானவருக்கு உயிருக்கே ஆபத்து. அதனால்தான் சாப்பிடுகிறவருக்கு முழுக்கத் தெரிந்து, சம்மதித்து, டாக்டர் பார்வையில் சாப்பிட வேண்டும். தெரியாமல் சாம்பாரில் போடுவது வைத்தியம் இல்லை, விஷப் பரீட்சை. மாத்திரை சாப்பிடுகிறவர் இருமல் டானிக்கையும் அரிஷ்டங்களையும்கூட டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது, அவற்றில் சாராயம் இருக்கலாம். ஆசையையே மட்டுப்படுத்துகிற வேறு மாத்திரைகளும் இப்போது இருக்கின்றன. வெளிப்படையாகப் போய்க் கேளுங்கள். எங்கே போவது என்றே தெரியாவிட்டால் 14416-க்குப் போன் பண்ணலாம், அரசாங்கத்தின் மனநல உதவி எண், பணம் வேண்டாம்.

மூன்றாம் மாதம் வந்தது. எல்லோரும் எச்சரித்திருந்தார்கள்: கல்யாண வீடு ஜாக்கிரதை, சாவு வீடு அதைவிட ஜாக்கிரதை. இரண்டும் வந்தன. நாமக்கல்லில் ஒரு கல்யாணம். மண்டபத்துக்குப் பின்னால் காரின் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு, "மாமா, ஒண்ணே ஒண்ணு, எங்களுக்காக" என்று இளவட்டங்கள் இழுத்தார்கள். தப்பினார். பெரியப்பா இறந்தபோது, பறை அடிக்கிறவர்களிலிருந்து பங்காளிகள் வரை சுற்றிலும் ஆறாக ஓடியது. அதிலும் தப்பினார்.

விழுந்தது எண்பத்துமூன்றாம் நாள். துக்கம் எதுவுமில்லை. கோயம்புத்தூர்ப் பார்ட்டி ஒருவரிடமிருந்து பம்ப் உதிரி பாகங்களுக்குப் பெரிய ஆர்டர் வந்தது. அவ்வளவுதான். அக்காவுக்குப் போன் பண்ணி, "அட்வான்ஸ் வந்திருச்சு, வளையலை எடுத்துரலாம்" என்று சொல்லியிருக்கிறார். சொல்லிவிட்டு வழக்கமான சுற்று வழியில் போகாமல் நேர் வழியில் போயிருக்கிறார். துக்கத்துக்கு எல்லோரும் காவல் போட்டிருந்தோம். சந்தோஷத்துக்கு யாரும் போடவில்லை.

பத்து மணிக்கு வந்தபோது அக்கா ஊதச் சொல்லவில்லை. கேட் தாழ்ப்பாள் போடுகிற சத்தத்திலேயே தெரிந்துவிட்டதாம்.

மறுநாள் காலை அவள் போனில் சொன்னது, "அவ்ளோதான் தம்பி, எல்லாம் போச்சு." அவர் சொன்னதும் அதேதான், சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு. இந்த இடம்தான் உண்மையில் உயிர்ப் பிரச்னை. நேற்றுக் குடித்தது ஒரு நாள் சமாசாரம். 'எல்லாம் போச்சு' என்று நம்பிவிட்டால் இன்றைக்கும் குடிப்பார், அந்த வெட்கத்தை மறைக்க நாளைக்கும். பழைய அளவைத் தாங்குகிற சக்தி உடம்புக்குக் குறைந்திருக்கும். அதே அளவு உள்ளே போனால் முன்னைவிட மோசமாக அடிக்கும். சில நாள் தொடர்ந்து குடித்துவிட்டு மறுபடி வீட்டிலேயே திடீரென்று நிறுத்தினால், நடுக்கமும் வலிப்பும் முதல் தடவையைவிடக் கடுமையாக வரலாம்.

டாக்டருக்குப் போன் பண்ணினோம். அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. "பி.பி. பேஷண்டுக்கு ஒரு நாள் ஏறினா வைத்தியத்தை விட்டுர்றோமா? இன்னிக்கே கூட்டிட்டு வாங்க" என்றார்.

கூட்டத்தில் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து என்றார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. எண்பத்திரண்டு நாள் ஈரலுக்குக் கிடைத்த ஓய்வு பொய்யா? அவர் தாண்டி வந்த கல்யாணமும் சாவும் பொய்யா? ஆனால் மச்சானே அவர்கள் கட்சியில் சேர்ந்துகொண்டார். "மீட்டரைத் திருத்தி ஓட்டினவன் மாப்ளே நான். இந்த மீட்டராவது சரியா ஓடட்டும்."

அன்று சாயங்காலம் அவரைக் கூட்டத்துக்கு வண்டியில் கொண்டுபோய் விட்டது பையன். அக்கா சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆறு மணிக்குத் தானே சாவியை எடுத்துக்கொண்டு, "வாங்கப்பா, லேட்டாவுது" என்றானாம். ஒன்றரை மணி நேரம் பள்ளிக்கூட வாசலில் போனை நோண்டிக்கொண்டிருந்துவிட்டு, திரும்பும்போது இரண்டு பேரும் பரோட்டா சாப்பிட்டு வந்திருக்கிறார்கள். என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். "ஒண்ணும் பேசலை. சால்னா நல்லாருந்துச்சு" என்றார்.

அதற்கப்புறம் இதுவரை இருநூற்றுப் பத்து நாள். நான் எழுதி அச்சாகி உங்கள் கைக்கு வருவதற்குள் மாறலாம் என்று அவரே சொல்லச் சொன்னார். தூக்கம் ஐந்து மணி நேரம் வருகிறது. கனவு மாதத்துக்கு ஒரு தடவை. ஜாங்கிரி மோகம் தானாகவே அடங்கிவிட்டது. கிரைண்டர் புதிது வாங்கியாயிற்று. வளையல் இன்னும் இல்லை. சேட்டு அதை எப்போதோ உருக்கிவிட்டார். அதைப் பற்றி மாதத்துக்கு இரண்டு சண்டை நடக்கிறது, முன்பு வாரத்துக்கு இரண்டு.

போன வாரம் ராத்திரி எட்டரைக்கு நடந்துவிட்டுத் திரும்பினோம். மச்சான் வழக்கம்போல் வாசல்படியில் நின்று, மூச்சை இழுத்துப் பிடித்துத் தயாராக இருந்தார். அக்கா ஹாலில் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பவே இல்லை. இவர் இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். தொண்டையைச் செருமினார்.

"என்ன, இன்னிக்கு ஊதச் சொல்லலை?"

"தோசை ஆறிட்டு இருக்கு. கையைக் கழுவிட்டு வாங்க."

மச்சான் உள்ளே போகாமல் என்னைப் பார்த்தார். மூச்சை இன்னும் விடவில்லை.